பவானிபூர் டு ப்யூனஸ் அயர்ஸ்: ஸ்டேக் ஆர்டர் பண்ணும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

உலகக் கோப்பை நெருங்கினால் கொல்கத்தாவின் பல தெருக்கள் நீலம்-வெள்ளைக்கு மாறிவிடும். 2008-ல் மரடோனா வந்தபோது நகரமே திரண்டது. 2011 செப்டம்பர் 2-ம் தேதி சால்ட் லேக் ஸ்டேடியத்தில் மெஸ்ஸி தலைமையில் ஆர்ஜென்டினா அணி வெனிசுலாவை 1-0 என்று வென்றதை இன்னும் பேசுகிறார்கள். ஆனால் ஆர்ஜென்டினாக்காரர்கள் கால்பந்துக்கு இணையாகக் கொண்டாடும் இன்னொரு விஷயம் இந்த ஊருக்கு வரவே இல்லை. அது அவர்களுடைய ஸ்டேக்.

நீங்கள் வேலைக்காக கொல்கத்தா வந்து பவானிபூரில் வீடு எடுத்திருக்கும் தமிழர் என்று வைத்துக்கொள்வோம். மெட்ரோவில் தெற்கே இரண்டு ஸ்டேஷன் போனால் காளிகாட். பக்கத்திலேயே லேக் மார்க்கெட், இட்லி, ஃபில்டர் காபி. வடக்கே மூன்று ஸ்டேஷன் போனால் பார்க் ஸ்ட்ரீட், பல பத்தாண்டுகளாக ஸ்டேக்குக்குப் பேர் போன தெரு. அங்கே சாப்பிட்டுப் பழகிய நாக்கோடு அலுவலகப் பயணமாகவோ சுற்றுலாவாகவோ ப்யூனஸ் அயர்ஸ் போனால், மெனு கார்டிலிருந்து பில் வரை எல்லாமே வேறாக இருக்கும். ஏன் வேறு, அங்கே எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கொல்கத்தாவில் ஆர்ஜென்டினா ஸ்டேக் கிடைக்குமா?

ஆர்ஜென்டினாவில் வெட்டி இங்கே கொண்டுவந்த மாட்டிறைச்சி என்றால், கிடைக்காது. இந்தியாவின் இறக்குமதிக் கொள்கை மாட்டிறைச்சியை எந்த வடிவத்திலும் அனுமதிப்பதில்லை. ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் ஒரு பாக்கெட் போட்டுக்கொண்டு வரலாமே என்ற யோசனையும் வேண்டாம்.

சரி, உள்ளூர் மாட்டை வைத்து அதே மாதிரி செய்ய முடியாதா? இங்கேதான் சட்டம் வருகிறது. மேற்கு வங்கத்தின் 1950-ம் ஆண்டு விலங்கு வதைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி மாடு, காளை, கன்று, எருமை எதை வெட்டுவதற்கும் சான்றிதழ் வேண்டும். அந்த விலங்கு 14 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். வேலைக்கோ இனப்பெருக்கத்துக்கோ உதவாததாகவும் இருக்க வேண்டும். அல்லது முதுமை, காயம், ஊனம், தீராத நோய் ஆகியவற்றால் நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் 1958-ம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டமும் இதே பாணிதான். அங்கே வயது வரம்பு 10. பிறகு 1976-ல் வந்த அரசாணை பசுவையும் கிடேரியையும் வெட்டத் தடை விதித்தது.

இரண்டு சட்டங்களின் தர்க்கமும் ஒன்றே: உழவுக்கும் பாலுக்கும் பயன்படும்வரை மாடு உயிரோடு இருக்க வேண்டும், இறைச்சி என்பது கடைசிக் கட்டம். ஆர்ஜென்டினாவில் கணக்கு தலைகீழ். அங்கே மாட்டை வளர்ப்பதே இறைச்சிக்காக. தட்டுக்கு வருவது பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை வயதுக்குள் இருக்கும் இளம் மாடு.

வயதுக்கும் மென்மைக்கும் என்ன சம்பந்தம்?

தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்போம். பல் மாட்டின் வயதைச் சொல்லிவிடும் என்பதால் வந்த பழமொழி. உங்கள் பல்லும் அதே வேலையைச் செய்யும்: மெல்லும்போதே வயது தெரிந்துவிடும்.

தசைநார்களைக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். இளம் விலங்கில் அதன் இழைகளுக்கு இடையே பிணைப்புகள் குறைவு. சூட்டில் சீக்கிரம் தளரும். வயது ஏற ஏற இந்தப் பிணைப்புகள் இறுகிக்கொண்டே போகும். அவற்றைக் கரைக்கச் சூடும் ஈரமும் மணிக்கணக்கில் தேவை. ஸ்டேக்கோ சில நிமிடங்கள் நெருப்பில் இருந்து, உள்ளே சுமார் 60 டிகிரி வெப்பம் வந்ததும் எடுத்துவிடும் பண்டம். வயதான மாட்டுக்கு அந்த நேரமும் போதாது, அந்தச் சூடும் போதாது.

நம்முடைய மாட்டிறைச்சிச் சமையல் எல்லாம் ஏன் குழம்பு, வறுவல், நிஹாரி, பிரியாணி என்று நீண்ட நேரம் வேகும் வகைகளாக இருக்கின்றன என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது. கிடைத்த இறைச்சிக்கு ஏற்ற சமையல் அது. இது சமையல்காரரின் கைப்பக்குவக் குறை ஆகாது.

அப்போ, பார்க் ஸ்ட்ரீட் ஸ்டேக்?

ஒலிபப், மொகாம்போ போன்ற இடங்களின் வழியாக கொல்கத்தாவுக்குப் பழகிய ஸ்டேக், ஆங்கிலேயர் காலத்துக் 'கான்டினென்டல்' சாப்பாட்டின் வாரிசு. இங்கே சமையலறை, கிடைக்கும் இறைச்சியோடு ஒரு சமரசம் செய்துகொள்கிறது. மாடு அதிகம் அசைக்காத தசையான 'அண்டர்கட்'டைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் கொலாஜன் குறைவு. தட்டி மெலிதாக்குவது, ஊற வைப்பது, பப்பாளிக்காய் மாதிரி மென்மையாக்கும் பொருளைச் சேர்ப்பது, மேலே மிளகு சாஸ் அல்லது காளான் சாஸ் ஊற்றுவது எல்லாம் அந்தச் சமரசத்தின் பகுதிகள். அதற்கென்று ஒரு தனி ருசி உண்டு. ஆனால் அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு ப்யூனஸ் அயர்ஸ் போகாதீர்கள். அங்கே சாஸ் வராது, உப்பு மட்டும்தான்.

இன்னொரு விஷயம். இந்தியாவில் மெனுவில் 'பீஃப்' என்று இருந்தால் அது மாடா, எருமையா என்பது பெரும்பாலும் தெளிவாக இருக்காது. தரவுகளிலும் இதே குழப்பம். 2011-12 தேசிய மாதிரி ஆய்வு இரண்டையும் ஒரே வரிசையில் போட்டுத்தான் கணக்கெடுத்தது. அதன்படி சுமார் 8 கோடி இந்தியர்கள் மாடு அல்லது எருமை இறைச்சி சாப்பிடுகிறார்கள். உங்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம் என்றால் ஆர்டருக்கு முன் கேட்டுவிடுங்கள். ஆர்ஜென்டினாவில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே அது மாடுதான்.

'பரிஷா' என்றால் என்ன?

ஸ்பானிஷில் கிரில் கம்பிக்கும், அதை வைத்து நடத்தும் உணவகத்துக்கும் ஒரே பெயர். மற்ற நாடுகளில் 'பரியா' என்பார்கள். ப்யூனஸ் அயர்ஸ் உச்சரிப்பில் 'பரிஷா'. விறகையோ கரியையோ தனியாக எரித்து, தணலை மட்டும் கம்பிக்குக் கீழே பரப்புவார்கள். இறைச்சிக்கு நேரடித் தீ படாது. தணலின் சூட்டில் நிதானமாக வேகும். கல் உப்பைத் தவிர மசாலா கிடையாது. தொட்டுக்கொள்ள சிமிச்சூரி வரும்: பார்ஸ்லி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், வினிகர். நம் பச்சைச் சட்னிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும், காரம் குறைவு.

தெருமுனைக் கடை முதல் சொகுசு உணவகம் வரை எல்லாமே பரிஷாதான். பலெர்மோ பகுதியில் 1999-ல் தொடங்கிய டான் ஹூலியோ, 2023-ல் ஆர்ஜென்டினாவுக்கு முதன்முதலாக வந்த மிஷ்லின் வழிகாட்டியில் ஒரு நட்சத்திரம் வாங்கியது. அங்கே போக வேண்டுமானால் முன்பதிவு அவசியம். இடம் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். உள்ளூர்க் குடும்பங்கள் நிறைந்திருக்கும் அக்கம்பக்கத்துப் பரிஷாவே நல்ல சாப்பாடு போடும்.

மெனுவில் எதைத் தேர்ந்தெடுப்பது?

முதல் முறை போகிறவர்கள் குழம்பும் இடம் இது. அடிக்கடி வரும் பெயர்கள்:

- பிஃபே டே சொரிசோ: பெயரில் 'சொரிசோ' இருந்தாலும் இது சாசேஜ் இல்லை. முதுகுப் பகுதியின் தடிமனான துண்டு, ஓரத்தில் கொழுப்புப் பட்டை. முதல் முறைக்கு இதுவே நல்ல தேர்வு.
- ஓஹோ டே பிஃபே: ரிப்-ஐ. உள்ளே கொழுப்பு ஓடும், ருசி அதிகம்.
- லோமோ: நம் அண்டர்கட். மிக மென்மை, விலை அதிகம், ருசி கொஞ்சம் அடக்கம்.
- என்ட்ரான்யா: உதரவிதானத் தசை. மெலிது, சீக்கிரம் வேகும், இறைச்சி வாசம் தூக்கலாக இருக்கும்.
- வசியோ: வயிற்றுப் பக்கவாட்டு இறைச்சி. மெதுவாக வாட்டியது.
- அசாடோ டே டீரா: எலும்போடு குறுக்கே வெட்டிய விலாத் துண்டு. கடித்து இழுத்துச் சாப்பிட வேண்டும்.

இதற்கு முன்னால் வரும் சின்னத் தட்டுகளில் தமிழர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. பல வெளிநாட்டுப் பயணிகள் தயங்கும் உள்ளுறுப்புகள் நமக்குப் புதிது இல்லை. சின்சுலீனெஸ் என்பது சிறுகுடல். மொறுமொறுவென்று வாட்டி எலுமிச்சை பிழிந்து தருவார்கள். மொர்சிஷா ரத்தத்தில் செய்த சாசேஜ். ரத்தப் பொரியல் சாப்பிட்டவர்களுக்கு அந்நியமாக இருக்காது. மொஷேஹாஸ் என்பது தைமஸ் சுரப்பி; வெளியே முறுகல், உள்ளே வெண்ணெய் மாதிரி.

அளவில் கவனம். ஒரு ஸ்டேக் 400 கிராம் இருப்பது சகஜம். சோறு, ரொட்டி என்று பக்கத்தில் ஒரு மலை வராது. சாலட், வறுத்த உருளைக்கிழங்கு எல்லாம் தனியாக ஆர்டர் பண்ண வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு ஸ்டேக், ஒரு சின்னத் தட்டு, ஒரு சாலட் என்று தொடங்குங்கள். பத்தாவிட்டால் அப்புறம் கேட்டுக்கலாம்.

எவ்வளவு வேகணும் என்று எப்படிச் சொல்வது?

நான்கு வார்த்தைகள் போதும். 'புவெல்டா இ புவெல்டா' என்றால் இரண்டு பக்கமும் ஒரு வாட்டு மட்டும். 'ஹுகோசோ' என்றால் உள்ளே சிவப்பாக, சாறோடு. 'ஆ பூன்டோ' நடுத்தரம். 'பியென் கொசீடோ' நன்றாக வெந்தது.

ஆர்ஜென்டினாக்காரர்களில் பலர் நன்கு வெந்ததையே விரும்புவார்கள். அதனால் 'ஆ பூன்டோ' என்று கேட்டாலும் நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாக வெந்து வரலாம். நடுவில் இளஞ்சிவப்பு வேண்டுமானால் ஒரு படி குறைத்து 'ஹுகோசோ' கேளுங்கள். வெளியே வரும் சிவப்புச் சாறைப் பார்த்து ரத்தம் என்று பதற வேண்டாம். அது மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். முழுக்க வெந்ததுதான் பிடிக்கும் என்றால் தயங்காமல் அப்படியே கேளுங்கள். அந்த ஊரிலேயே பாதிப் பேர் உங்கள் பக்கம்.

நேரம், பில், டிப்ஸ்

இரவுச் சாப்பாட்டுக்குப் பல பரிஷாக்கள் 8 மணிக்குத்தான் திறக்கும். கூட்டம் சேர்வது 9, 10 மணிக்கு. ஏழு மணிக்கே பசிக்கும் ஆளாக இருந்தால் சாயங்காலம் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மெனுவில் டாலர் குறி இருப்பதைப் பார்த்து அதிர்ச்சி வேண்டாம். பெசோவுக்கும் அதே குறிதான். பழைய வீடியோக்களில் சொன்ன விலையை நம்பாதீர்கள்: 2023-ல் மட்டும் அந்நாட்டின் பணவீக்கம் 211 சதவீதம். கிளம்பும் வாரத்தில் உணவகத்தின் சொந்த மெனுவைப் பாருங்கள்.

பில்லில் 'குபியெர்டோ' என்று தலைக்கு ஒரு சிறு தொகை இருக்கலாம். மேஜை, ரொட்டி, தட்டு ஆகியவற்றுக்கான கட்டணம் அது, டிப்ஸ் இல்லை. டிப்ஸ் தனி, சுமார் 10 சதவீதம் வழக்கம். நீங்கள் கேட்காமல் பில் வராது. 'லா குவென்டா, போர் ஃபவோர்' என்று கேட்க வேண்டும். சர்வர் உங்களை மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். சாப்பிட்ட பின் மேஜையிலேயே உட்கார்ந்து பேசுவதற்கு அங்கே 'சோப்ரெமேசா' என்று தனிப் பெயரே இருக்கிறது. அதைக் கெடுப்பதுதான் மரியாதைக் குறைவு.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்ன செய்வது?

டீம் டின்னர் என்றால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஒரு எச்சரிக்கை: ஆர்ஜென்டினாவில் 'கார்னே' என்றால் நடைமுறையில் மாட்டிறைச்சி மட்டுமே. 'கார்னே சாப்பிட மாட்டேன்' என்று சொன்னால் கோழியோ ஹாமோ வரலாம். சைவம் என்றால் 'சோய் வெஹெதாரியானோ' என்றும், பெண்கள் 'வெஹெதாரியானா' என்றும் சொல்லி, மீனும் கோழியும்கூட வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். மாடு மட்டும் வேண்டாம் என்றால் 'நோ கோமோ கார்னே டே பாகா'.

சாப்பிட என்ன இருக்கும்? ப்ரோவோலேட்டா எனப்படும், தணலில் வாட்டிய சீஸ் வட்டு, வாட்டிய காய்கறிகள், சாலட், பாஸ்தா. எம்பனாடாவில் மக்காச்சோளம் வைத்த 'உமீட்டா', சீஸ்-வெங்காயம் வைத்தது உண்டு. ஆனால் அதன் மாவில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். உருளைக்கிழங்கையும் சில இடங்களில் அதே கொழுப்பில் வறுப்பார்கள். கண்டிப்பாகத் தவிர்ப்பவர்கள் 'கிராசா' இருக்கிறதா என்று கேட்பது நல்லது.

அசைவம் சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வாடகைக்கு இருப்பவருக்கும், வீட்டில் மாட்டிறைச்சி என்ற பேச்சையே எடுக்க முடியாதவருக்கும், பிறந்ததிலிருந்து அதைச் சாப்பிட்டு அலுவலகத்தில் மட்டும் மறைத்துக்கொள்பவருக்கும் பரிஷா மேஜை ஒரு புது அனுபவம். அங்கே சாப்பிடுபவரை யாரும் முறைப்பதில்லை. வேண்டாம் என்பவருக்கும் பெரும்பாலும் ஆச்சரியம் கலந்த புன்னகைதான் பதில். உங்கள் டீமில் இரண்டு தரப்பும் இருந்தால் ஒருவரை ஒருவர் விளக்கம் கேட்காமல் இருப்பதே பெரிய உபசரிப்பு.

கடைசியாக ஒரு தகவல்

ஆர்ஜென்டினாவும் மாறிக்கொண்டிருக்கிறது. 1950-களில் ஆண்டுக்கு ஒருவர் சாப்பிட்ட மாட்டிறைச்சி 90 கிலோவைத் தாண்டியது. இப்போது சுமார் 50 கிலோ. விலை ஏறியதால் கோழி கிட்டத்தட்ட அதே அளவுக்கு வந்துவிட்டது. பாம்பாஸ் புல்வெளியில் மேய்ந்த மாடு என்று விளம்பரத்தில் வருவதிலும் கணிசமான பங்கு இன்று கடைசி மாதங்களில் தொழுவத்தில் தானியம் தின்று வளர்ந்ததுதான். புல் மேய்ந்ததே வேண்டுமானால் 'டே பாஸ்டோ' என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவுடன் சர்வர் நாற்காலியை இழுத்துப் போட்டு விளக்க ஆரம்பித்தால், நல்ல கடைக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.