பன்னிரண்டு குட்டிகளும் 20 விநாடியும்

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் பன்றிக்குட்டிகளுக்கு முலை கொடுத்த படலம் என்று ஒன்று உண்டு. வியாழ பகவானின் சாபத்தால் பன்றிக்குட்டிகளாகப் பிறந்த 12 சகோதரர்கள், பாண்டிய மன்னனோடு மோதிப் பெற்றோர் இருவரும் மாண்டுபோக, காட்டில் பசியால் அலறுகிறார்கள். சொக்கநாதர் தாய்ப்பன்றியாக உருவெடுத்து வந்து பால் கொடுக்கிறார். பக்தர்கள் இதில் இறைவனின் கருணையைக் காண்பார்கள். பன்றி வளர்ப்பவர் கேட்டால் முதலில் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார். குட்டிகள் 12; ஒரு பெண் பன்றிக்குப் பொதுவாக 12 முதல் 16 காம்புகள். கணக்கு சரியாகவே இருக்கிறது. ஆனால் நிஜத் தாய்ப்பன்றி என்றால் அந்தப் பன்னிரண்டும் ஒரே நேரத்தில் வாய் வைத்திருக்க வேண்டும். ஏறக்குறைய 20 விநாடிக்குள் குடித்தும் முடித்திருக்க வேண்டும்.

பசுவின் மடியில் பால் சேர்ந்து நிற்பதற்கு இடம் இருக்கிறது. கன்று எப்போது வந்து முட்டினாலும் கொஞ்சமாவது வாயில் விழும். பன்றியின் மடியில் அப்படிச் சேமிக்கும் இடம் கிட்டத்தட்ட இல்லை. ஒவ்வொரு காம்புக்கும் தனித்தனிப் பால்சுரப்பி. சுரந்த பால் அதன் நுண்ணறைகளுக்குள்ளேயே நிற்கும். ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் வந்து அந்த நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசைச் செல்களை இறுக்கினால்தான் பால் இறங்கும். அந்த இறக்கம் 10 முதல் 20 விநாடி வரைதான். அதற்குப் பிறகு எவ்வளவு உறிஞ்சினாலும் காம்பு வறண்டதுதான். அடுத்த முறைக்கு முக்கால் மணியோ ஒரு மணியோ காத்திருக்க வேண்டும். ஒரு நாளில் இருபதுக்கும் மேற்பட்ட முறை பால் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், பால் உண்மையில் ஓடும் நேரத்தைக் கூட்டினால் பத்து நிமிடம் தேறுவதே அபூர்வம். பன்றிப்பாலை யாரும் கறந்து விற்காததற்கு இதுவே பெரிய காரணம்.

எனவே குட்டிகளுக்கு நேரம் தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்வது தாயின் குரல். ஒருக்களித்துப் படுத்து, இரண்டு வரிசைக் காம்பும் தெரியும்படி வயிற்றைக் காட்டிக்கொண்டு, தாய்ப்பன்றி தாழ்ந்த குரலில் ஒரே சீராக உறும ஆரம்பிக்கும். தூங்கிக்கொண்டிருந்த குட்டிகள் எழுந்து ஓடி வரும். கொஞ்ச நேரம் தள்ளுமுள்ளு. பிறகு ஒவ்வொன்றும் தன் காம்பருகே நின்று மூக்கால் மேலும் கீழும் மடியைத் தேய்த்துப் பிசையும். இது ஒரு நிமிடத்துக்கு மேல் நீளும். இந்தப் பிசைதல்தான் தாயின் மூளைக்குப் போகும் சேதி. போதுமான குட்டிகள் போதுமான அளவு பிசைந்ததும் உறுமல் திடீரென்று வேகமெடுக்கும். ஆக்ஸிடோசின் வெளிப்படும் தருணம் அதுதான். அந்த வேகம் உச்சத்துக்குப் போன 20 விநாடி வாக்கில் பால் இறங்கும். குட்டிகளுக்கு இந்த இடைவெளி அத்துப்படி. பிசைவதை விட்டுவிட்டு, காம்பை வாயில் பற்றி அசையாமல் நிற்கும். பால் வந்ததும் காதுகள் பின்னுக்குப் படிய, மளமளவென்று விழுங்கும் சத்தம் மட்டும் கேட்கும். உறுமலும் பிசைதலும் முறைப்படி நடந்து, பால் மட்டும் இறங்காமலே முடிந்துபோவதும் உண்டு. குட்டிகள் மறுபடி காத்திருக்க வேண்டியதுதான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? எனக்குத் தோன்றுவது இது: பால் இப்படிச் சுருங்கிய நேரத்தில் வருவதால்தான் பங்கீடு நடக்கிறது. ஹார்மோன் ரத்தம் வழியே எல்லாச் சுரப்பிகளுக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேர்கிறது. எல்லாக் காம்பிலும் ஒரே நொடியில் பால் வருகிறது. எவ்வளவு முரட்டுக் குட்டியாக இருந்தாலும் 20 விநாடியில் ஒரு காம்பைத்தான் குடிக்க முடியும். பால் எந்நேரமும் கிடைப்பதாக இருந்தால் வலுத்தது நான்கு காம்பைக் காலி செய்துவிட்டுத் தூங்கப் போயிருக்கும்.

பக்கத்துப் பன்றிகளுக்கும் இதில் பங்குண்டு. ஒரு கொட்டிலில் ஒரு தாய் உறுமத் தொடங்கினால் அடுத்தடுத்த தாய்களும் படுத்து உறுமத் தொடங்கிவிடும். பால் கொடுக்கும் உறுமலைப் பதிவு செய்து ஒலிபரப்பினாலே பன்றிகள் அடிக்கடி பால் கொடுக்கின்றன என்றும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கூட்டமாகத் திரியும் பன்றிகளுக்கு இதில் தெளிவான லாபம் இருக்கிறது: எல்லாத் தாய்களும் ஒரே நேரத்தில் கொடுத்தால், ஒருத்தியின் குட்டி இன்னொருத்தியிடம் போய்த் திருட்டுப்பால் குடிக்க வழியில்லை. குரலை நம்பி நடக்கும் ஏற்பாடு என்பதால் இரைச்சல் இதைக் குலைத்துவிடும். ஸ்வீடனின் போ அல்கெர்ஸ், பெர் யென்சென் இருவரும் 1985-ல் வெளியிட்ட ஆய்வில், காற்றோட்ட விசிறியைப் போன்ற இடைவிடாத பேரிரைச்சலில் குட்டிகள் உறுமலைப் பின்தொடர முடியாமல் தடுமாறியதைக் காட்டினார்கள். விசிறி ஓடும் மூடிய கொட்டில்கள் இன்று உலகெங்கும் இருக்கின்றன.

பால் நின்ற பிறகும் குட்டிகள் பல நிமிடம் மடியைப் பிசைந்துகொண்டே இருக்கும். வராத பாலுக்கு ஏன் இந்த உழைப்பு? அதே இருவரும் இதற்கு உணவக ஊகம் என்று பெயர் வைத்தார்கள்: குட்டி சாப்பிட்டு முடித்த கையோடு அடுத்த வேளைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போகிறது. அதிகம் பிசையப்பட்ட சுரப்பிக்கு ரத்த ஓட்டம் கூடும், அதில் பாலும் கூடும் என்பது அவர்கள் கணிப்பு. பிற்கால ஆய்வுகள் இதை முழுதாக ஆமோதிக்கவில்லை. மறுக்க முடியாதது இதன் மறுபக்கம்: எந்தக் குட்டியும் வாய் வைக்காத காம்பு சில நாளில் வற்றிச் சுருங்கிவிடும்.

அதனால்தான் ‘என் காம்பு’ என்ற சொந்தம் உண்டாகிறது. பிறந்த முதல் சில நாட்களிலேயே ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு காம்பு அமைந்துவிடும். பால் மறக்கும் வரை பெரும்பாலும் அதே இடம்தான். மார்புப்பக்கம் இருக்கும் முன்காம்புகளுக்குத்தான் போட்டி அதிகம். அங்கே பால் சற்றுக் கூடுதல், தாயின் குரல் அருகில், பின்னங்கால் உதையும் விழாது. கனமாகப் பிறந்தவை முன்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். நோஞ்சானுக்குக் கடைசிக் காம்பு. எல்லாருக்கும் இடம் உறுதியாகிவிட்டால் பிறகு சண்டை இல்லை. சண்டையில் 20 விநாடி போனால் இருவருக்குமே பால் போச்சு.

ஆனால் அந்த முதல் நாட்களின் சண்டை லேசானதல்ல. பன்றிக்குட்டி ஆயுதத்தோடுதான் பிறக்கிறது. மேல்தாடையில் நான்கு, கீழ்த்தாடையில் நான்கு என எட்டு ஊசிப்பற்கள், வெளிப்புறம் சாய்ந்தாற்போல் முளைத்திருக்கும். தலையைப் பக்கவாட்டில் வெட்டினால் பக்கத்துக் குட்டியின் கன்னம் கிழியும். கனடாவில் டேவிட் ஃப்ரேசரும் பி. கே. தாம்சனும் ஒரே ஈற்றில் சில குட்டிகளுக்குப் பல்லை வெட்டியும் சிலவற்றுக்கு வெட்டாமலும் விட்டுப் பார்த்து, ‘ஆயுதம் தாங்கிய உடன்பிறப்புப் போட்டி’ என்றே 1991-ல் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்கள். பல் உள்ளவை வெட்டப்பட்டவற்றைவிடக் கூடுதலாக வளர்ந்தன. பண்ணைகளில் பிறந்தவுடன் பல் நறுக்கும் வழக்கம் இந்தப் பற்கள் உண்டாக்கும் காயங்களைத் தவிர்க்க வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் இப்போது அதை வழக்கமாகச் செய்யக்கூடாது என்கிறது. தாயின் காம்பிலோ மற்றக் குட்டிகளிலோ காயம் ஏற்பட்டதற்குச் சான்று இருந்தால் மட்டுமே அனுமதி.

முதல் நாளுக்கு மட்டும் இந்த 20 விநாடிக் கணக்கு பொருந்தாது. குட்டி போடும் நேரத்தில் தாயின் உடலில் ஆக்ஸிடோசின் நிறைந்திருப்பதால் சீம்பால் ஏறக்குறைய தொடர்ந்து வரும். வரத்தான் வேண்டும். பன்றியின் நஞ்சுக்கொடி தாயின் நோய் எதிர்ப்புப் பொருட்களைக் கருவுக்குக் கடத்துவதில்லை. குட்டி அவை இல்லாமல் பிறக்கிறது. சீம்பாலில்தான் அவற்றைப் பெற வேண்டும். குடலும் ஒரு நாள், ஒன்றரை நாளுக்குள் அந்தப் பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடுவதை நிறுத்திக்கொள்ளும். அந்தக் கெடுவுக்குள் ஒவ்வொரு குட்டிக்கும் சுமார் 250 கிராம் சீம்பால் போய்ச் சேர வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

தாய் உதவுமா? ஆடு, மாடு போலக் குட்டியை நக்கி உலர்த்துவது பன்றிக்கு வழக்கமில்லை. ஒன்றேகால் கிலோ, ஒன்றரைக் கிலோ எடையில், திறந்த கண்ணோடு ஈரமாக வந்து விழும் குட்டி, தானே எழுந்து, தொப்புள்கொடியை அறுத்துக்கொண்டு, தாயின் பின்னங்காலைச் சுற்றி நடந்து மடியைக் கண்டுபிடிக்க வேண்டும். அரை மணிக்குள் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். அதற்குள் உடல் குளிர்ந்துவிடும். பச்சிளம் பாலூட்டிகள் பலவற்றுக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு பன்றிக்குட்டிக்கு இல்லை. அதற்கான மரபணு சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பழுதாகிவிட்டது என்று 2006-ல் கண்டறிந்தார்கள். குட்டி நடுங்காமல் இருக்க 34 டிகிரி வெப்பம் தேவை. தாய்க்கோ 20 டிகிரி இதம். நம்மூர்ச் சித்திரை வெயிலில் குட்டிக்குக் கவலையில்லை, தாய்தான் தீனி எடுக்காமல் மூச்சிரைக்கும். தீனி குறைந்தால் பாலும் குறையும். குளிர்நாடுகளில் சிக்கல் நேர்மாறு.

அந்தச் சிக்கலுக்குப் பன்றி தானே கண்ட வழி கூடு. எடின்பரோவுக்கு அருகே 1970-களின் இறுதியில் அலெக்ஸ் ஸ்டோல்பா, டேவிட் வுட்-கஷ் இருவரும் பண்ணைப் பன்றிகளை மரமும் புதரும் ஓடையும் உள்ள நிலத்தில் விட்டுக் கவனித்தார்கள். சினைக்காலமான 114 நாள் முடியும் தறுவாயில் பெண் பன்றி கூட்டத்தை விட்டு விலகிப் போனது. மறைவிடம் பார்த்து, மூக்கால் மண்ணைக் குழித்து, புல்லும் சுள்ளியும் வாயால் கவ்வி வந்து கூடு கட்டியது. தலைமுறை தலைமுறையாகக் கொட்டிலில் அடைபட்டிருந்த இனம்; யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நாற்பக்கமும் கம்பி போட்ட ஈற்றுக் கூண்டில், வைக்கோல் துரும்புகூட இல்லாத தரையில் நிறுத்தினாலும், அது அந்த நேரத்தில் முன்னங்காலால் சிமெண்டைப் பறிக்கும்.

ஈற்றுக் கூண்டு எதற்கு வந்தது என்றால், குட்டிகள் தாயின் உடலடியில் சிக்கிச் சாகாமல் தடுக்க. 200 கிலோ தாண்டிய தாய் படுக்கும்போது ஒன்றரைக் கிலோக் குட்டி அடியில் அகப்பட்டால் பிழைக்காது. உயிரோடு பிறந்தவற்றில் பத்தில் ஒன்றுக்கு மேல் பால் மறக்கும் முன்பே இறப்பது பண்ணைகளில் சாதாரணம். அதில் பெரும்பங்கு முதல் மூன்று நாளில். தாயின் முரட்டுத்தனம் என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். டேனியல் வேரியும் ஃப்ரேசரும் சகாக்களும் 1996-ல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டுகிறது: எடை ஏறாத, பசித்த குட்டிகள்தான் மடியை விட்டு விலகாமல் ஆபத்தான இடத்தில் கிடக்கின்றன. வயிறு நிறைந்தது சூடான மூலையில் போய்த் தூங்கும். நசுங்கிய குட்டி பல நேரம் ஏற்கனவே பால் கிடைக்காத குட்டி. தாயைத் திரும்பவே முடியாமல் நிறுத்தும் கம்பி இந்தப் பசியை ஒன்றும் செய்யாது. ஸ்வீடன், நார்வே, சுவிட்சர்லாந்து நாடுகள் தாய்ப்பன்றியைக் கூண்டில் பூட்டிவைக்கும் வழக்கத்தைச் சட்டத்தால் நிறுத்தியிருக்கின்றன.

இன்று அந்தப் பசியைப் பெருக்குவது இனவிருத்திதான். டென்மார்க்கில் ஒரு ஈற்றுக்கு உயிரோடு பிறக்கும் குட்டிகள் சராசரியாக 17-ஐத் தாண்டிவிட்டன. காம்புகள் 14, 15 என்ற அளவில்தான். 2004-லிருந்து அங்கே தேர்வின் அளவுகோலைப் பிறந்த எண்ணிக்கையிலிருந்து ஐந்தாம் நாள் உயிரோடிருக்கும் எண்ணிக்கைக்கு மாற்றினார்கள். ஈற்றின் அளவு அப்படியும் ஏறிக்கொண்டே போனது. மிஞ்சிய குட்டிகளை இன்னொரு தாயிடம் சேர்க்கிறார்கள். முதல் ஓரிரு நாளுக்குள் சேர்த்தால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். காம்புச் சொந்தம் உறுதியான பிறகு புதுக்குட்டியை விட்டால் மற்றவை கடித்து விரட்டும். காலியாக இருந்த காம்பும் அதற்குள் வற்றியிருக்கும்.

பால் மறப்பிலும் இதே அவசரம். எடின்பரோ நிலத்தில் குட்டிகள் மூன்று, நான்கு மாதம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே குடித்தன. முதல் வாரங்களில் தாய் கூப்பிடும். பிறகு குட்டிகள் வந்து கேட்கும், தாய் குப்புறப் படுத்து மடியை மறைத்துக்கொள்ளும். பண்ணையில் ஐரோப்பியச் சட்டப்படி பொதுக்கெடு 28 நாள். சில நிபந்தனைகளோடு 21. மூன்றாவது வாரத்தில்தான் பால் உச்சத்தில் இருக்கும், பிரிப்பதும் அதை ஒட்டித்தான். பிரித்த மூன்று, நான்கு நாளில் சில குட்டிகள் கூடப்பிறந்ததன் வயிற்றை மடியைப் பிசைவதுபோலவே மூக்கால் மேலும் கீழும் தேய்க்க ஆரம்பிக்கும். தேய்க்கப்பட்ட குட்டிக்குத் தோல் புண்ணாகும். ஒரு வாரத்தில், இரண்டு வாரத்தில் பிரித்த குட்டிகளிடம் இது அதிகமாகவும் நான்கு வாரத்தில் பிரித்தவற்றிடம் குறைவாகவும் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.