முன்னால் போகும் சக்கரம்

"அம்மா! வருகிற ஜூன் மாதம் நான் 315 கிலோ மீட்டர் சைக்கிள் விடப் போகிறேன். ஒரே நாளில்!" என்றாள் என் பெண்.

அவள் இப்படிச் சொன்னது 2023-ம் வருஷம் நவம்பர் மாதக் கடைசியில். இடம், ஸ்வீடன் தேசத்தில் லின்ஷோப்பிங் என்ற ஊரில் அவளுடைய வீட்டுச் சமையலறை. மணி மாலை நாலரை. ஜன்னலுக்கு வெளியே அர்த்த ராத்திரி போலக் கும்மிருட்டு. இரண்டு வயதுப் பேத்தியைப் பார்த்துக் கொள்வதற்காகப் போயிருந்த நான், கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

315 கிலோ மீட்டர்! சென்னையிலிருந்து திருச்சி போகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. பள்ளிக்கூட நாளில் மாம்பலத்துக்குள்ளேயே சைக்கிள் விட்ட பெண் இவள். மேம்பாலம் வந்தால் இறங்கித் தள்ளிக் கொண்டு போவாள்.

"யாராவது பந்தயம் கட்டினார்களா?" என்று கேட்டேன்.

"பந்தயமே இல்லை, அம்மா. முதலில் வந்தவருக்குப் பரிசு கூடக் கிடையாது" என்றாள்.

அவள் சொன்னது நிஜந்தான். வெட்டெர்ன் என்பது அந்தத் தேசத்தின் இரண்டாவது பெரிய ஏரி. ஏரி என்றதும் நான் செம்பரம்பாக்கத்தை நினைத்துக் கொண்டேன். அது தப்பு. தெற்கு வடக்காக 130 கிலோ மீட்டருக்கு மேல் நீளம். கரையில் நின்றால் சமுத்திரம் மாதிரி அலை அடிக்கிறது. 1966-ம் வருஷத்திலிருந்து ஜூன் மாத நடுவில், பல்லாயிரம் பேர் இந்த ஏரியைச் சைக்கிளில் சுற்றி வருகிறார்கள். மோட்டாலா என்ற ஊரில் புறப்பட்டு, கிழக்குக் கரையோடு தெற்கே இறங்கி, மேற்குக் கரையோடு வடக்கே ஏறி, மறுபடி மோட்டாலாவுக்கே வந்து சேர வேண்டும். திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறோமே, அந்த மாதிரி இது ஏரி வலம். படத்தை வைத்துப் பார்த்தேன், பிரதட்சிணமாகத்தான் போகிறார்கள்! அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

தெற்கு முனையில் இருக்கும் ஊர் யோன்ஷோப்பிங். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துக்கெல்லாம் தீப்பெட்டி செய்து அனுப்பிய ஊர் அது. நம் திருவொற்றியூரில் விம்கோ நகர் இருக்கிறதல்லவா? அந்த விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி, 1923-ல் ஸ்வீடன்காரர்கள் இந்தியாவில் ஆரம்பித்ததுதான். அதற்கு முன்னாலேயே வழியில் கிரென்னா என்ற சின்ன ஊர் வருகிறது. அங்கே 1859-ல் அமாலியா எரிக்ஸன் என்ற விதவை, பிழைப்புக்காக வெள்ளையும் சிவப்புமாய்ப் பட்டை போட்ட புதினா மிட்டாய் செய்து விற்க ஆரம்பித்தார். இன்றைக்கும் அந்த ஊர் அந்த மிட்டாயினால்தான் பெயர் பெற்றிருக்கிறது. ஏரிக் கதை போதும், சைக்கிளுக்கு வருவோம்.

என் பெண் தனியாகப் போகவில்லை. அவளுடைய ஆபீஸிலும் அக்கம்பக்கத்திலுமாகப் பத்துப் பேர் சேர்ந்திருந்தார்கள். எட்டுப் பெண்கள், இரண்டு ஆண்கள். தலைவி, ஐம்பத்தெட்டு வயதான ஒரு நர்ஸ் அம்மாள். பல தடவை ஏரியைச் சுற்றியவர். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. பத்துப் பேர் புறப்பட்டால் பத்துப் பேரும் சேர்ந்தே திரும்ப வேண்டும். யாருக்கு வேகம் குறைவோ, அவருடைய வேகம்தான் கூட்டத்தின் வேகம்.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 'யாருக்கு வேகம் குறைவோ' என்பது தான்தான் என்று என் பெண்ணுக்குத் தெரியும். "என்னால் மற்ற ஒன்பது பேருக்கும் கஷ்டம் வரக் கூடாது, அம்மா" என்று ராத்திரி குழந்தை தூங்கின பிறகு சொன்னாள். குளிர்காலம் முழுவதும் இந்தக் கவலைதான் அவளை மிதிக்க வைத்தது.

ஜூனில் போவதற்கு நவம்பரிலேயே என்ன அவசரம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். தலைவி அம்மாள் விளக்கினார். பதினாலு, பதினைந்து மணி நேரம் மிதிப்பதற்கு வேண்டியது காலில் பலம் மட்டும் அல்ல. இருதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தத்தைத் தள்ளப் பழக வேண்டும். தசைகளுக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருக வேண்டும். உடம்பு தன் கொழுப்பை மெள்ள மெள்ள எரித்துக் காலம் தள்ளக் கற்றுக் கொள்ள வேண்டும். இவை ஒரு மாதத்தில் நடக்கிற காரியங்கள் அல்ல. அவசரப்பட்டால் முழங்கால்தான் போகும். ஆகையால் வாரத்துக்கு வாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டுவதில்லை என்று வைத்திருந்தார்கள்.

டிசம்பரில் அந்த ஊரில் பகல் என்பது ஆறு மணி நேரம் சொச்சம்தான். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. அதனால் வார நாள்களில் பயிற்சி வீட்டுக்குள்ளேயே. சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஓர் இரும்புத் தாங்கியில் அதை மாட்டி விடுகிறார்கள். மிதிக்க மிதிக்கத் தாங்கிக்குள்ளே ஒரு கனத்த சக்கரம் சுழன்று, மேடு ஏறுவது போல எதிர்த்து நிற்கிறது. எதிரே ஒரு திரை. அதில் கற்பனை ரஸ்தா ஓடுகிறது. கூட்டத்தார் அவரவர் வீட்டில் மிதித்தாலும் பொம்மை உருவமாக அந்த ரஸ்தாவில் ஒன்றாகப் போகிறார்கள். போகாத ஊருக்கு வழி என்று நம்மவர்கள் சொன்னது இதைத்தான் போலும்! வெளியே உறைபனி, உள்ளே இவளுக்கு மின்சார விசிறி. இல்லாவிட்டால் வியர்வை ஆறாய்ப் பெருகி விடும். பக்கத்திலே என் பேத்தி தன் மூன்று சக்கர வண்டியில் ஏறிக் கொண்டு, "நானும், நானும்" என்பாள்.

இந்தப் பயிற்சியில் எனக்கும் ஓர் உத்தியோகம் கிடைத்தது. ரொம்ப வேகமாக மிதிக்கக் கூடாது, முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம் என்பது தலைவியின் கட்டளை. ஆகவே நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்து, "ராத்திரிக்குக் குழம்பா, ரசமா?" என்று கேட்பேன். "நேற்றுத்தானே குழம்பு வைத்தாய், இன்றைக்கு ரசம் போதும், அம்மா" என்று பதில் வந்தால் சரி. "ர... ரசம்" என்று வந்தால், "மெதுவாக!" என்று அதட்டுவேன். இத்தனை வருஷத்தில் அவள் என் பேச்சை ஒழுங்காகக் கேட்டது அந்தக் குளிர்காலத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெளியே போவார்கள். கிளம்பும் அலங்காரத்தைப் பார்க்க வேண்டுமே! உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதன் மேல் கனமான ஒன்று, அதற்கும் மேலே காற்றுப் புகாத சட்டை. செருப்புக்கு ஒரு சட்டை, காதுக்கு ஒரு பட்டை. டயரில் சின்னச் சின்ன ஆணிகள் பதித்திருக்கும். பனிக்கட்டியில் வழுக்காமல் அவை கவ்விப் பிடிக்கின்றன. பின் சக்கரத்து மட்கார்டின் நுனியில் ஒரு ரப்பர் பட்டை தொங்க வேண்டும். அது தனக்காக அல்ல. பின்னால் வருகிறவரின் முகத்தில் சேறு தெறிக்காமலிருக்க. இந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. ஜனவரி முதல் வாரத்தில் சைபருக்குக் கீழே 15 டிகிரி போயிற்று. அன்று தலைவி அம்மாளே, "வேண்டாம்" என்று சொல்லி விட்டார்.

வழியில் சாப்பிட நான் பொருள்விளங்கா உருண்டை செய்து கொடுத்தேன். பத்து பேருக்கும் விநியோகம் ஆயிற்று. அந்தக் குளிரில் அது கல்லாகி, ஒருவர் பல்லைப் பிடித்துக் கொண்டு திரும்பி வந்தார். அடுத்த வாரம் பேரீச்சம்பழத்தை வேர்க்கடலையோடு இடித்துப் பிசைந்து கொடுத்தேன். அது இளக்கமாகவே இருந்ததால் பிரமாதமாய்ப் போணியாயிற்று. பசி எடுப்பதற்கு முன்பே சாப்பிட வேண்டும், தாகம் எடுப்பதற்கு முன்பே குடிக்க வேண்டும் என்பது சைக்கிள்காரர்களின் வழக்கம். இதற்கும் குளிர்காலத்திலேயே வயிற்றைப் பழக்குகிறார்கள்.

பெண்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஆசனம் சரியில்லாததினாலேயே சைக்கிளை வெறுத்தவர்கள் நம்மில் அநேகம். உட்காரும் எலும்புகளின் இடைவெளியை அளந்து, அந்த அகலத்துக்கு ஏற்ற ஆசனம் போட்டுக் கொண்டால் பாதி உபத்திரவம் தீர்ந்தது என்றார் நர்ஸ் அம்மாள். பெண்கள் அத்தனை பேரையும் ரத்தத்தில் இரும்புச் சத்து போதுமா என்று பரீட்சை செய்து கொள்ளவும் சொன்னார். என் பெண்ணுக்குக் குறைவாகத்தான் இருந்தது. அவளுடைய களைப்புக்கெல்லாம் சோம்பல் என்று பெயர் வைத்திருந்த நான் வாயை மூடிக் கொண்டேன்.

பிப்ரவரி வந்தது. காலில் பலம் வந்தது. ஆனால் பயம் போகவில்லை.

கூட்டமாகச் சைக்கிள் விடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொண்டு போகிறார். அவருடைய முதுகுக்குப் பின்னால் நெருங்கிப் போகிறவருக்கு நாலில் ஒரு பங்கு சிரமமாவது மிச்சம். முறை வைத்து மாறி மாறி முன்னால் வந்தால், தனியே போக முடியாத தூரத்தைக் கூட்டமாகப் போய் விடலாம். ஆனால் அதற்கு முன்னால் போகும் சக்கரத்துக்கும் உங்கள் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம், இரண்டு முழம்தான் இடைவெளி இருக்க வேண்டும். என் பெண் மூன்று, நாலு மீட்டர் தள்ளியே வருவாள். காற்று முழுவதும் அவள் மார்பில் அடிக்கும். அதனால்தான் அவள் எல்லோருக்கும் முன்னால் களைத்துப் போனாள்.

ஆள் இல்லாத கார் நிறுத்துமிடத்தில் தலைவி பாடம் நடத்தினார். தோளோடு தோள் உரசப் போவது. பள்ளம் வந்தால் கையைக் காட்டுவது. நிற்க வேண்டுமானால் கையைத் தூக்கி, வாயாலும் உரக்கச் சொல்வது. பின்னால் வருகிறவருக்கு ரஸ்தா தெரியாது. முன்னால் போகிறவருடைய கண்ணும் வாயுமே அவருக்குக் கண்.

ஏப்ரலில் பனி கரைந்தது. குளிர்காலத்தில் வழுக்காமலிருக்க ரஸ்தாவில் பொடிக் கல்லைத் தூவுகிறார்கள். பனி போன பிறகு அது திருப்பங்களில் அப்படியே கிடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பெண் முதல் தடவையாக நெருங்கிப் போக ஆரம்பித்திருந்தாள். திருப்பத்தில் கல்லைக் கண்டு, சத்தம் போடாமல் சட்டென்று பிரேக்கைப் பிடித்து விட்டாள். அவள் விழவில்லை. பின்னால் வந்த பள்ளி ஆசிரியை விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. நவம்பரிலிருந்து ஒரு நாள் தவறாமல் மிதித்தவருக்கு ஜூன் மாதம் இல்லை என்று ஆகி விட்டது.

என் பெண் சைக்கிளைக் கீழ்த்தளத்தில் கொண்டு போய்ப் பூட்டினாள். இரண்டு வாரம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "நான் வரவில்லை" என்று தலைவிக்குச் சொல்லி அனுப்பி விட்டாள். தாயாராக இருந்து கொண்டு, எனக்கு மனத்துக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது என்பதை ஒப்புக் கொள்கிறேன்.

ஒரு சாயங்காலம் அந்த ஆசிரியை கட்டுப் போட்ட கையோடு வந்து சேர்ந்தார். காபி கொடுத்தேன், முறுக்கை இடது கையால் எடுத்துச் சாப்பிட்டார். என் பெண் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். அவர் தடுத்து விட்டார். அவர் சொன்னதை என் பெண் பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள்:

"மன்னிப்பை நாலு தடவை கேட்டாகி விட்டது. நீ பிரேக் பிடித்தது தப்பில்லை. அதற்கு முன்னால் கத்தவில்லை, அதுதான் தப்பு. இனிமேல் கத்து. ஞாயிற்றுக்கிழமை நான் காரில் பின்னாலேயே வருவேன். உன் குரல் காருக்குள் எனக்குக் கேட்க வேண்டும்."

எனக்குச் சுருக்கென்றது. பெண் குழந்தை உரக்கப் பேசக் கூடாது, அடுத்த வீட்டுக்குக் குரல் கேட்கக் கூடாது என்று அவளை அடக்கி அடக்கி வளர்த்தவள் நான்தானே?

அவள் மறுபடி கீழே போய்ச் சைக்கிளை எடுத்து வந்தாள். அந்த மாதமும் மே மாதமும் எப்படிப் போயின என்று விவரிக்கப் போவதில்லை. நாள் நீண்டது, தூரமும் நீண்டது.

2024 ஜூன். அந்த மாதத்தில் அங்கே இராப் பொழுதில் முழு இருட்டே கிடையாது. மோட்டாலாவில் சில நிமிஷங்களுக்கு ஒரு கூட்டமாக அனுப்பிக் கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை அதிகாலை, சாம்பல் நிற வெளிச்சத்தில் எங்கள் ஒன்பது பேரும் புறப்பட்டார்கள். ஆசிரியைக்குக் கட்டுப் பிரித்தாகி விட்டது. ஆனால் நாள் முழுவதும் கைப்பிடியை அழுத்திப் பிடிக்கும் பலம் வரவில்லை. "வாருங்கள்" என்று அவர் என்னைக் காரில் ஏற்றிக் கொண்டு மேற்குக் கரைக்குப் போனார்.

அந்த ஊரின் பெயரை 'ஹ்ஜோ' என்று எழுதி 'யூ' என்று படிக்கிறார்கள். பாதி தூரத்துக்கு மேலே வருகிற நிறுத்துமிடம் அது. நிறுத்துமிடங்களில் பன்னும், உப்பில் ஊறிய வெள்ளரிக்காயும், ப்ளூபெர்ரிப் பழத்தில் செய்த கஷாயம் போன்ற ஒரு சூடான சூப்பும் கொடுக்கிறார்கள். நான் பேரீச்சம்பழ உருண்டை டப்பாவோடு நின்றேன். கூட்டம் கூட்டமாக வந்து கொண்டே இருந்தார்கள். எல்லோரும் தலைக் கவசமும் கண்ணாடியுமாக ஒரே மாதிரி. என் பெண்ணை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

ஆசிரியை சட்டென்று என் கையைப் பிடித்து அழுத்தினார். அவருடைய வலது கை அது.

திருப்பத்துக்கு அப்பாலிருந்து, ஆள் தெரிவதற்கு முன்னால், குரல் வந்தது. "க்ரூஸ்!" என்று ஒரு கத்தல். அந்தப் பாஷையில் பொடிக் கல்லுக்கு அதுதான் பெயர். தெரு முழுவதும் கேட்டது. பன் தின்று கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒன்பது பேருக்கும் முன்னால் வந்து கொண்டிருந்தாள் என் பெண்.