பழைய கணினிக்கு இன்னும் வேலை உண்டு

புது தில்லி: பெங்களூர் மல்லேஸ்வரத்தை ஒட்டியுள்ள இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தினரும் 2001-ல் லினக்ஸில் இயங்கும் 'சிம்ப்யூட்டர்' எனும் கையடக்கக் கணினியை அறிவித்தனர். ஏழைக்கும் எட்டும் விலையில் கணினி என்பதே நோக்கம். சந்தையில் அது எடுபடவில்லை. ஆனால், புதிதாக எதையும் தயாரிக்காமலேயே அந்த நோக்கத்தை நிறைவேற்றும் வழி ஒன்று அப்போதே இருந்தது. பழைய கணினிகளை 'தின் கிளையன்ட்' ஆக்குவதுதான் அது.

இதற்காக அமெரிக்காவில் 1999-ல் தொடங்கப்பட்டதே லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம். வகுப்பறையில் திறன்மிக்க கணினி ஒன்று இருந்தால் போதும். மற்றவை பழையவையாக, ஹார்டு டிஸ்க் இல்லாதவையாகக்கூட இருக்கலாம். நெட்வொர்க் கார்டு வழியே சர்வரிலிருந்து இயக்க மென்பொருளைப் பெற்று அவை உயிர்பெறும். கணக்குப் போடுவது சர்வர். பழைய கணினி காட்டுவது திரையை மட்டுமே. மென்பொருளுக்கு உரிமக் கட்டணமும் இல்லை. குறையும் உண்டு: சர்வர் படுத்தால் வகுப்பே படுத்துவிடும், வீடியோ திணறும்.

இந்தப் பழைய கதையை இப்போது நினைவூட்டக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதியில்லாத, ஆனால் பழுதில்லாத கணினிகள் பழைய இரும்புக் கடையை நோக்கி நகர்கின்றன.

நாடாளுமன்றத்துக்கு இது புதிய விஷயமல்ல. மின்னணுக் கழிவு குறித்து மாநிலங்களவையில் விஜய் தர்டா 2005-ல் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2011-ல் அறிவிக்கப்பட்ட விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2022-ம் ஆண்டு விதிகள், பழுதுநீக்கி மறுபயன்பாட்டுக்கு விடுவோருக்கும் பதிவு வழங்குகின்றன. அவர்கள் தரும் சான்றிதழால் உற்பத்தியாளரின் மறுசுழற்சிப் பொறுப்பு தள்ளிப்போகும், தீராது. அவையில் பேச்செல்லாம் கழிவாகிவிட்ட பிறகு என்ன செய்வது என்பதைச் சுற்றியே. கழிவாகாமல் தடுப்பது பற்றி அதிகம் பேச யாருக்கும் ஆர்வமில்லை.

மாநிலங்கள் லினக்ஸுக்கு அந்நியமல்ல. கேரளத்தில் 2001-ல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007-ல் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றது.

தடையாக நிற்பது தொழில்நுட்பமல்ல, கோப்பு. பயனற்றதென அறிவிக்கப்படும் அரசுப் பொருளை டெண்டர் அல்லது ஏலம் மூலம் அகற்ற விதி வழிசெய்கிறது. அதிகாரிக்கும் அதுவே பாதுகாப்பு. பள்ளிக்குக் கொடுத்தால் நாளை தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே! மல்லேஸ்வரத்திலிருந்து சில கிலோமீட்டரில், பெங்களூர் எஸ்.பி. ரோடு கடைகளில் பழைய கணினியைப் பிரித்து, சேர்த்து, மறுபடியும் விற்கிறார்கள். அவர்களுக்குக் கோப்பு கிடையாது.