நிறுத்துவதற்கும் ஒரு நேரம் உண்டு

பழுதாகத் தொடங்கிய இயந்திரத்தை எப்போது நிறுத்துவது? சந்தேகம் வந்ததுமே என்பதுதான் பொறுப்பான பதில்போலத் தோன்றும். அது பாதி உண்மை. நிறுத்துவதற்கும் ஒரு விலை உண்டு. அது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். விமானம் கிளம்பும் முன்பே விமானிகள் 'வி-ஒன்' என்றொரு வேகத்தைக் கணக்கிட்டு வைப்பார்கள். அதை எட்டும் முன் இன்ஜின் போனால் பிரேக் போடுவார்கள். அதைத் தாண்டியபின் போனால் மேலே எழும்பியே ஆகவேண்டும். மிச்சமுள்ள ஓடுபாதை நிற்கப் போதாது. பழுது ஒன்றுதான், முடிவு நேரெதிர்.

அமெரிக்காவின் 'சாலஞ்சர்' விண்வெளி ஓடம் இதற்கு மூன்று முறை சாட்சியாக நின்றது. 1985 ஜூலை 12 அன்று முதன்மை இன்ஜின்கள் எரியத் தொடங்கிவிட்டன. புறப்பட 3 விநாடிதான் பாக்கி. ஓர் இன்ஜினின் குளிர்விப்பு வால்வு ஒழுங்காக இயங்கவில்லை என்று கண்ட கணினி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. 17 நாள் தாமதம், நஷ்டம் அவ்வளவுதான். ஜூலை 29 அன்று மீண்டும் கிளம்பியது. ஆறு நிமிஷம் ஆகும் முன்பே ஓர் இன்ஜின் தானாக நின்றுபோனது. கெட்டது இன்ஜின் அல்ல, வெப்பத்தை அளக்கும் சென்சார்கள். சற்று நேரத்தில் இன்னொரு இன்ஜினின் சென்சாரும் அதேபோலத் தடுமாறியது. அதுவும் நின்றிருந்தால் ஓடம் சுற்றுப்பாதையை எட்டியிருக்காது. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் இன்ஜின்களைக் கண்காணித்த ஜென்னி ஹோவர்ட், தானாக அணையும் ஏற்பாட்டை முடக்கச் சொன்னார். ஓடம் திட்டமிட்டதைவிடத் தாழ்வான பாதையை அடைந்தது. ஆய்வுகளும் பெரும்பாலும் நடந்தேறின.

அப்படியானால் காப்பாற்றியது மனிதத் துணிவுதானே, முன்கூட்டி எழுதிய விதிகள் எதற்கு என்று கேட்கலாம். அந்தத் துணிவுக்கு இடம் கொடுத்ததே முன்யோசனைதான். இப்படியும் நேரலாம் என்று எண்ணிப் பார்த்தவர்கள்தான், தானியங்கி நிறுத்தத்தை முடக்கும் சுவிட்சை விமானி அறையில் வைத்திருந்தார்கள். நிதானமாக உட்கார்ந்து யோசிக்க அவகாசம் இருக்கும்போது யோசித்து வைக்காததை, விநாடிகள் நழுவும்போது யாராலும் யோசிக்க முடியாது.

ஒவ்வொரு சந்தேகத்துக்கும் நிறுத்தினால் எந்த ராக்கெட்டும் கிளம்பாது என்பார்கள். பறக்கும்போது அது நியாயம். தரையில் இருக்கும்போது அதே வாதம் ஆளைக் கொல்லும். சாலஞ்சரின் மூன்றாவது சாட்சி அதுதான். ஓடத்தைத் தூக்கிச் செல்லும் பூஸ்டர் ராக்கெட்டுகளின் இணைப்பில் உள்ள ரப்பர் வளையங்கள் அரிக்கப்பட்டிருப்பதை முந்தைய பயணங்களிலேயே கண்டிருந்தார்கள். 1986 ஜனவரி 27 இரவு, இந்தக் குளிரில் அந்த வளையங்களை நம்ப முடியாது, ஏவ வேண்டாம் என்று பூஸ்டரைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வாதாடினார்கள். 'பத்திரமானது' என்று நிரூபிக்கக் கேட்டிருக்கவேண்டிய இடத்தில், 'ஆபத்தானது' என்று நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில் விழுந்தது. நிர்வாகிகள் ஒப்புதல் கொடுத்தார்கள். பூஸ்டர்கள் எரியும் முதல் இரண்டு நிமிஷத்தில் அந்த ஓடத்துக்குத் தப்பும் வழியே கிடையாது. நிறுத்தக்கூடிய ஒரே இடம் ஏவுதளம்தான். மறுநாள் கிளம்பிய 73ஆவது விநாடியில் சாலஞ்சர் சிதறியது. அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.