பூட்டின் நுட்பமும் கடிதத்தின் அந்தரங்கமும்

திண்டுக்கல்லில் நாகல்நகர், நல்லாம்பட்டி வட்டாரங்களில் இரும்பையும் பித்தளையையும் அறுத்து அராவி, லீவர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றுக்கு இசைந்த சாவியைக் கையாலேயே வடித்தெடுக்கும் பூட்டுத் தொழிலாளியின் வித்தையை அருகிலிருந்து முற்றக் கற்றவனும், அந்தக் கல்வியை மட்டும் கொண்டு அடுத்த வீட்டுப் பூட்டைத் திறந்துவிட முடியாது. ஏனெனில் காவல் முழுவதும் சாவியிலேயே அடங்கியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பூட்டைப் பற்றிய உண்மை, இன்று நம் சம்பாஷணைகளைக் காக்கும் மென்பொருளுக்கும் அப்படியே பொருந்துகிறது. 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியின்போது, யாராலும் திறக்க இயலாதவை என்று பிரசித்தி பெற்றிருந்த பூட்டுகளை ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் சாவியின்றித் திறந்து காட்டியதும், பூட்டின் குறைகளைப் பகிரங்கப்படுத்துவது தர்மமா என்ற விவாதம் எழுந்தது. திருடர்கள் அவற்றை முன்பே அறிவார்கள் என்பது ஹாப்ஸின் வாதம். சங்கேத எழுத்து முறையின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும் ரகசியம் குலையக் கூடாது என்று 1883-இல் கெர்க்காஃப்ஸ் என்ற மொழியறிஞர் விதி வகுத்தார்.

அந்த விதியின் வழி நிற்பது சிக்னல் என்ற செய்திப் பரிமாற்றச் செயலி. அதன் மூலநிரலை எவரும் படித்துப் பரிசோதிக்கலாம். அனுப்புபவரும் பெறுபவரும் அன்றி இடையிலுள்ள நிறுவனமே செய்தியைப் படிக்க முடியாது. 2016-இல் அமெரிக்க நீதிமன்ற ஆணையொன்று பயனர் விவரங்களைக் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நாள், கடைசியாக இணைந்த நாள் என்ற இரண்டைத் தவிர அந்த நிறுவனத்திடம் கொடுக்க ஒன்றுமில்லை.

ஆயினும் இத்தனை சிரத்தையோடு காக்கப்பட்ட கடிதம், பார்வையற்ற ஒருவரின் கைபேசிக்கு வந்து சேர்ந்து, அந்தச் செயலி அவருக்கு வாசித்துக் காட்டும் வகையில் அமையாதிருந்தால், அவர் என்ன செய்வார்? பக்கத்தில் இருப்பவரிடம் கைபேசியை நீட்டி, "கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்பார். அந்தக் கணமே அந்தரங்கம் போயிற்று. எழுத்தறியாத தாய்க்கு மகனின் கடிதத்தைத் தபால்காரர் வாசித்துக் காட்டிய காலம் நம் கிராமங்களில் இருந்தது. அதை அன்பின் அடையாளமாகவே நாம் நினைவுகூர்கிறோம், தனக்கென்று மட்டும் ஒரு வரியைக் கேட்க அந்தத் தாய்க்கு வழியில்லாதிருந்ததை நினைப்பதில்லை. எல்லோரும் எளிதில் பயன்படுத்தும் வசதி என்பது தனியுரிமைக்குப் பின்னால் சேர்க்க வேண்டிய அலங்காரமென்று பலர் எண்ணுகிறார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் தனியுரிமையே பிறப்பதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதை நன்கு உணர்ந்தவர்கள் பார்வையற்றோரே. திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான்கள் பல்லாயிரம் ரூபாய் விலை போன காலத்தில், 2006-இல், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். பார்வையற்றவரான ஜேமி டே உடன் சேர்ந்தார். கட்டற்ற மென்பொருளான அது, வாசித்துக் காட்டுவதோடு, அருகிலிருப்பவர் எட்டிப் பார்க்காதபடி கணினித் திரையை முழுவதும் இருட்டாக்கி வைக்கும் வசதியையும் இன்று கொண்டிருக்கிறது.

ஆனால் ஒரு கடினமான சிக்கலும் உண்டு. திரையிலுள்ள யாவற்றையும் படித்துச் சொல்லவும், பயனருக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் ஆண்ட்ராய்டு கைபேசி ஒரு விசேஷ அனுமதியைத் திரைவாசிப்பானுக்கு அளிக்கிறது. அதே அனுமதியைக் கேட்டுப் பெறும் மோசடிச் செயலி, கடவுச்சொல்லையும் ஓடிபியையும் படித்துக்கொண்டு வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுகிறது. கல்யாணப் பத்திரிகை என்ற வேஷத்தில் வாட்ஸ்அப்பில் வரும் இத்தகைய மோசடிக் கோப்புகளைப் பற்றி இந்தியாவில் போலீசார் எச்சரித்திருக்கிறார்கள். இதற்கு அஞ்சி அந்த அனுமதியையே சந்தேகித்து முடக்கும் செயலி, திருடனோடு சேர்த்துப் பார்வையற்ற வாடிக்கையாளரையும் வாசலில் நிறுத்திவிடுகிறது. அனைத்தையும் படிக்கும் அதிகாரம் பெற்ற மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்று பிறர் சோதித்தறிய முடிவதே அதை நம்புவதற்கு முதல் ஆதாரம்; திரைவாசிப்பானின் நிரல் திறந்திருக்க வேண்டியதன் அவசியம் இங்கேதான் பிரத்தியட்சமாகிறது.

தனியுரிமை, எல்லோரும் பயன்படுத்தும் வசதி என்ற இவ்விரண்டையும் நம் நாட்டுச் சட்டமும் ஓரிடத்தில் கண்டிருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவைக் காட்டித் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று, கண்ணைச் சிமிட்டிக் காட்டினால்தான் வங்கிக் கணக்கு என்ற இணையவழி அடையாளச் சோதனையால் தவித்த அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமையும் அதே 21-ஆம் பிரிவில் அடங்கும் என்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் தீர்ப்புரைத்தனர்.

ஆனால் உரிமை இருந்தும், திரைவாசிப்பான் பேசும் தமிழைப் பொறுத்தவரை குறை உச்சரிப்பில் இருக்கிறது. என்விடிஏ உடன் வரும் ஈஸ்பீக் என்ற கட்டற்ற பேச்சுப்பொறி தமிழ் பேசும். எனினும் இயந்திரத்தனமாகவே பேசும். சென்னை ஐஐடியும் எஸ்எஸ்என் கல்லூரியும் இயல்பான தமிழ்க் குரலுக்காக உழைத்திருக்கின்றன. ஈஸ்பீக்கின் தமிழ் உச்சரிப்பு விதிகளோ எவரும் திறந்து திருத்தக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே கிடக்கின்றன. காந்திகிராமத்திலோ திண்டுக்கல் கல்லூரிகளிலோ கணினி பயிலும் மாணவர்கள், பார்வையற்ற நண்பர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, தவறாக ஒலிக்கும் சொற்களை அவர் சொல்லச் சொல்லக் குறித்துத் திருத்தி அனுப்பலாம். அதற்கு எந்த நிறுவனத்தின் உத்தரவும் வேண்டியதில்லை.