முள்ளந்தண்டு முறிந்தால்: முதல் நாளின் பெறுமதி

முடக்குவாதக்காரர் ஒருவரை நால்வர் படுக்கையோடு சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய நிகழ்வை மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். மலையகத் தோட்டங்களில் இன்றும் அந்த நால்வர் தேவைப்படுகிறார்கள்.

மழையில் வழுக்கும் மலைச்சரிவு, வளைவில் புரளும் லொறி, மண்சரிவு ஆகியன நாம் அறிந்த ஆபத்துக்களே. இடம்பெயர்ந்து வந்து புதிய காணியில் மரமேறுவோரும் கிணறு வெட்டுவோரும் இதற்கு விலக்கல்லர். விழுந்தவரைக் கம்பளியில் தொட்டில்போலக் கட்டித் தூக்குகிறோம். முச்சக்கரவண்டியில் மடக்கி உட்காரவைக்கிறோம். அன்பினால் செய்யும் இந்த உதவியே சிலவேளை அவரது கால்களை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்துவிடும்.

முதுகெலும்புக்குள்ளே முள்ளந்தண்டு வடம் ஓடுகிறது. மூளையின் கட்டளைகள் கைகால்களுக்குச் செல்வது இதன் வழியாகத்தான். விபத்தில் நொறுங்கிய எலும்பு இந்த வடத்தை நசுக்குகிறது. பாதிப்பு அத்தோடு நின்றுவிடுவதில்லை. வடம் வீங்குகிறது, இரத்தவோட்டம் குறைகிறது, தப்பியிருந்த நரம்புகளும் மணிக்கு மணி அழிகின்றன. அழுத்தும் எலும்பை அகற்றி, முதுகெலும்பை உறுதிப்படுத்துவதே சத்திரசிகிச்சையின் நோக்கம்.

அதை எப்போது செய்வது? முன்னர் சில நாட்கள் பொறுத்திருப்பதே நல்லது என்று பல வைத்தியர்கள் கருதினார்கள். கழுத்துப் பகுதியில் வடம் பாதிக்கப்பட்ட 313 பேரைப் பற்றி வட அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. 24 மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேர் ஆறு மாதத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். தாமதமாகப் பெற்றவர்களில் அத்தகையோர் 9 பேர் மட்டுமே. 1,548 பேரின் விபரங்களைத் திரட்டி 2021இல் வெளியான ஆய்வும் முதல் நாளின் முக்கியத்துவத்தையே காட்டியது.

இது எல்லோரையும் நடக்கவைக்கும் மந்திரமல்ல. முற்றாக அறுந்த வடத்தைச் சத்திரசிகிச்சையால் ஒட்டவைக்க முடியாது. எல்லா முறிவுக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படுவதுமில்லை. அதைத் தீர்மானிப்பவர் வைத்தியர். அவரிடம் நேரத்தோடு கொண்டுசேர்ப்பது எமது கடமை.

நாம் செய்யவேண்டியவை:

1. மண்சரிவு, தீ போன்ற உடனடி ஆபத்து இல்லாவிட்டால் அசைக்காதீர்கள். தலையணை வைக்காதீர்கள், குடிக்கக் கொடுக்காதீர்கள். மூச்சு வருகிறதா என்று கவனித்துக்கொண்டேயிருங்கள்.

2. 1990 இலக்கத்தை அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடெங்கும் விரிவடைந்தது. கட்டணம் இல்லை.

3. வண்டி வரமுடியாத மேட்டு லயனாயின், கதவு அல்லது அகலமான பலகையைப் பயன்படுத்துங்கள். ஒருவர் தலையையும் கழுத்தையும் நேராகப் பிடிக்க, மற்றவர்கள் உடலை மரக்கட்டைபோல ஒரேயடியாகத் திருப்பிப் பலகையில் கிடத்த வேண்டும்.

4. விபத்து நடந்த நேரத்தையும், அப்போது கைகால் அசைந்ததா என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். தோட்ட மருந்தகத்தில் காத்திருந்து பொழுதைப் போக்காதீர்கள். டிக்கோயா, நுவரெலியா வைத்தியசாலைகளிலிருந்து கண்டிக்கு மாற்ற வேண்டுமென்றால் தயங்காமல் சம்மதியுங்கள்.

கால்கள் திரும்பாவிட்டாலும் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைத்தியர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் அங்கே புனர்வாழ்வு மருத்துவத்தைக் கட்டியெழுப்பினார். எமது நாட்டிலும் திகன, ராகம புனர்வாழ்வு வைத்தியசாலைகள் உள்ளன. வீட்டிலிருப்பவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண்ணைத் தவிர்க்கலாம்.

உங்கள் லயனில் அந்த நால்வர் யார்? பலகை எங்கே இருக்கிறது? அடுத்த மாதர் சங்கக் கூட்டத்திலோ இளைஞர் ஒன்றியத்திலோ இதைப் பேசி முடிவு செய்யுங்கள். விபத்து நடந்த பின் அதைத் தேடிக்கொண்டிருக்க நேரமிராது.