கைப்பிடிச் சுவரும் கூலியாளின் உரிமையும்

நமது ஆலயங்களின் முகப்பில் பதிக்கப்பட்டுள்ள கல்வெட்டுகளைப் பலமுறை வாசித்திருக்கிறோம். அடிக்கல் நாட்டிய பேராயர், பிரதிஷ்டை செய்தவர், சேகர ஆயர், கட்டடக் குழுவினர், பெருந்தொகை ஈந்தோர் ஆகியோரின் பெயர்கள் அங்கே வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். சாரத்தின்மீது நின்று அக்கல்லைப் பதித்த கொத்தனாரின் பெயர் மட்டும் இராது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நான் ஆயராகப் பணியாற்றிய ஒரு சபையில் சமுதாயக் கூடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒருநாள் சாரம் சரிந்து தொழிலாளர் ஒருவர் வீழ்ந்தார்; மூன்றாம் நாள் மருத்துவமனையில் மரித்தார். சபையார் மனமுருகினர். ஞாயிறு ஆராதனையில் சிறப்புக் காணிக்கை எடுத்து, அவருடைய மனைவியிடம் கொடுத்து ஜெபித்துத் திரும்பினோம். சில வாரங்கள் கழித்து அவ்வம்மையார் என்னிடம் வந்தார். நலவாரியத்தில் பெயர் பதிந்திருந்தால் உதவி கிடைக்குமாமே, ஐயா பதிந்து வைத்திருக்கிறீர்களா என்று வினவினார். எங்கள் கணக்கில் மணலுக்கு ஓர் ஏடும், சிமெண்டுக்கு ஓர் ஏடும் இருந்தன. ஆட்களுக்கு ஏடு இல்லை. அவர் எங்களிடம் எத்தனை நாள் வேலை செய்தார் என்பதைக்கூட எழுதித்தர எங்களால் இயலவில்லை. அன்று உற்ற வெட்கமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

1. அமைப்புசாராத் தொழிலாளர் யார்?

விடுதலைக்குப்பின் நம் நாட்டில் எழுந்த முதன்மையான சமூகப் பாதுகாப்புச் சட்டங்கள் இரண்டு: 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம்; 1952-ஆம் ஆண்டின் வருங்கால வைப்புநிதிச் சட்டம். இவ்விரண்டும் ஆலையை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டவை. ஒரே முதலாளி, ஒரே பணியிடம், மாதச் சம்பளம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறையாத ஆட்கள் என்னும் நான்கும் இருந்தால்தான் அவை செவ்வனே இயங்கும்.

கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இந்நான்கில் ஒன்றும் இல்லை. காலையில் நாற்சந்தியில் நின்று, அழைப்பவர் பின்னே செல்பவர் அவர். கட்டட உரிமையாளர் ஒப்பந்தக்காரரிடம் வேலையை ஒப்படைக்கிறார். ஒப்பந்தக்காரர் மேஸ்திரியிடம் பிரித்துக் கொடுக்கிறார். மேஸ்திரி ஆள் பிடிக்கிறார். விபத்து நேர்ந்தால் மூவரும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டுவர். வேலையின்போது நேரும் விபத்திற்கு வேலை கொடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்னும் கோட்பாட்டை 1923-ஆம் ஆண்டின் சட்டமே நிலைநாட்டிற்று. எனினும் வேலை கொடுத்தவர் யார் என்று நிறுவமுடியாத இடத்தில் அச்சட்டம் வலுவிழந்து நின்றது.

இந்நிலையிலுள்ளோர் சிறுபான்மையினர் என எண்ணுதல் தவறு. அர்ஜுன் சென்குப்தா தலைமையில் 2004-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தேசிய ஆணையம், 2004-05-இல் நாட்டில் உழைத்த ஏறத்தாழ 45.7 கோடிப் பேரில் சுமார் 92 விழுக்காட்டினர் முறைசாராத் தொழிலாளரே எனக் கணித்தது. வயலிலும் சந்தையிலும் பீடிசுற்றும் திண்ணையிலும் பிறர் வீட்டுச் சமையலறையிலும் உழைப்போர் அனைவரும் இதில் அடங்குவர்.

2. சட்டம் கண்ட புதுவழி

முதலாளி நிலையாக இல்லையெனில் பாதுகாப்பை எதனோடு பிணைப்பது? இவ்வினாவிற்கு மகாராட்டிரம் 1969-ஆம் ஆண்டின் மாத்தாடிச் சட்டத்தின் வாயிலாக ஒரு விடை கண்டது. சுமைதூக்கும் தொழிலாளரும் வணிகரும் ஒரு வாரியத்தில் பதிந்துகொள்ளவேண்டும். வணிகர் கூலியையும், அதற்குமேல் ஒரு வீதத்தொகையையும் வாரியத்தில் செலுத்தவேண்டும். வாரியம் கூலியை வழங்குவதோடு மற்றத் தொகையிலிருந்து வைப்புநிதி முதலியவற்றையும் அளிக்கும். பல முதலாளிகளிடம் உழைப்பவருக்கு இவ்வாறு ஒரு நிலையான முகவரி கிடைத்தது.

தமிழ்நாடு 1982-ஆம் ஆண்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் 1994-ஆம் ஆண்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமும், 1999-இல் ஏனைய உடலுழைப்புத் தொழிலாளருக்கான வாரியமும் தோன்றின. அரசு, வேலையளிப்போர், தொழிலாளர் என முத்தரப்பினரும் அமரும் அமைப்பு இது. நாடளாவிய சட்டம் வேண்டித் தொழிற்சங்கங்கள் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யரின் தலைமையில் பல்லாண்டுகள் இயக்கம் நடத்தியதன் பயனாக 1996-இல் கட்டடத் தொழிலாளருக்கான மத்தியச் சட்டமும் அதற்கிணையான மேல்வரிச் சட்டமும் பிறந்தன.

இம்மேல்வரியின் நுட்பத்தை நாம் விளங்கிக்கொள்ளவேண்டும். முதலாளி மறையலாம், ஒப்பந்தக்காரர் மாறலாம். கட்டடம் எங்கும் ஓடிவிடாது. ஆகவே கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டிற்குக் குறையாமலும் இரண்டு விழுக்காட்டிற்கு மேற்படாமலும் ஒரு தொகை கட்டடத்தின்மீதே சுமத்தப்படுகிறது. ஒரு விழுக்காடு எனக் கொண்டால், ஒரு கோடி ரூபாயில் எழும்பும் ஆலயம் ஓர் இலட்சத்தைத் தொழிலாளர் நலநிதிக்குச் செலுத்தவேண்டும். விபத்து, இயற்கை மரணம், மகப்பேறு, பிள்ளைகளின் கல்வி, அறுபது வயதிற்குப்பின் ஓய்வூதியம் ஆகியவற்றிற்கு வாரியம் உதவுவது இந்நிதியைக் கொண்டே.

2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய பல சட்டங்கள் அதனுள் அடங்கிவிட்டன. எனினும் மேல்வரியும் வாரியமும் தொடர்கின்றன.

3. பிச்சையா, உரிமையா?

எபிரெய மறைநூல் கூலியாளைச் சாகீர் என்று அழைக்கிறது. அவனுடைய கூலியை அன்றன்றே, பொழுது சாயுமுன் கொடுத்துவிடவேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுகிறது (24:14-15). அவன் இன்னினத்தானாக இருந்தாலும் அந்நியனாக இருந்தாலும் கட்டளை ஒன்றே. நம் ஊர்களில் சாரமேறும் வடமாநிலத்தவரை நினைக்கையில் இவ்வசனத்தின் வீச்சு புலப்படும். அயலான் உழைப்பைக் கூலியின்றிக் கொண்டு அரண்மனை எழுப்பிய அரசனை எரேமியா கண்டித்தார் (22:13). பிடித்து வைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்றார் யாக்கோபு (5:4).

வயலின் ஓரத்தை முற்றும் அறுக்கலாகாது என்னும் லேவியராகமக் கட்டளையும் (19:9-10) இங்கே கருதத்தக்கது. அவ்வோரத்துக் கதிர் நிலக்கிழாரின் தயவைப் பொறுத்ததன்று. சட்டத்தால் எளியோருக்கு ஒதுக்கப்பட்டது. கட்டடச் செலவின் ஒரு விழுக்காடும் அத்தகையதே. அதனைச் செலுத்துகிறவர் தர்மம் செய்கிறவரல்லர். செலுத்தாதவர் பிறருடைய கதிரை அறுத்துக்கொள்கிறவர். அன்று நாங்கள் எடுத்த காணிக்கை அன்பினால் எடுக்கப்பட்டதே. ஆயினும் அக்குடும்பத்திற்குரிய உரிமையை எங்கள் கவனக்குறைவால் இழக்கச்செய்து, அதனிடத்தில் ஓர் உறையை நீட்டினோம் என்பதே உண்மை.

4. இடறும் இடங்கள்

சட்டம் இருந்தும் பயன் சேராமைக்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, நிதி முடங்குதல். 37,400 கோடி ரூபாய்க்கு மேல் திரண்ட மேல்வரியில் ஏறத்தாழ 9,500 கோடியே செலவிடப்பட்டது என்பதை 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் வேதனையோடு சுட்டிக்காட்டியது. இரண்டாவது, சான்று. பதிவுபெறப் பதினெட்டு வயது முதல் அறுபது வயதிற்குட்பட்டவர், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் தொண்ணூறு நாள் கட்டட வேலை செய்திருக்கவேண்டும். பத்து இடங்களில் பத்து மேஸ்திரிகளிடம் உழைத்தவருக்கு அந்நாட்களை எழுதித்தருபவர் யார்? மூன்றாவது, பெண்களின் நிலை. ஆண் சித்தாளாகச் சேர்ந்து கொத்தனாராக உயர்வதுண்டு. பெண்ணோ பெரும்பாலும் ஆயுள் முழுவதும் சித்தாளாகவே கல் சுமக்கிறாள். நான்காவது, பதிவையே பலன் என மயங்குதல். 2021 ஆகஸ்டு 26 அன்று தொடங்கிய இ-ஷ்ரம் பதிவேட்டில் முப்பது கோடிக்கும் மேற்பட்டோர் சேர்ந்துள்ளனர். இது பெரும் முயற்சியே. ஆயினும் பெயர் ஏறுவது முதற்படி. உதவி வீடுவந்து சேர்வதே முடிவு.

5. திருச்சபை செய்யத்தக்கவை

திருச்சபை தானும் ஒரு வேலையளிப்பவர் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஆகவே, கட்டடக் குழு கூடும் முதல் நாளிலேயே திட்ட மதிப்பீட்டில் மேல்வரிக்கு ஓர் இனம் ஒதுக்குக. செலவைக் குறைத்துக் காட்டி இத்தொகையை மிச்சப்படுத்துதல் ஆலயத்திற்கு அடுத்த செயலன்று. ஆட்களுக்கென ஓர் ஏடு திறந்து, பெயரும் நாளும் கூலியும் நாள்தோறும் எழுதுக. அதிலிருந்து கையொப்பமிட்ட சான்று தருக. வாரிய அட்டை இல்லாதவர் பதிந்துகொள்ள சபை இளைஞர் துணைசெய்க. அட்டை உள்ளவர் அதனை உரிய காலத்தில் புதுப்பித்தாரா என வினவுக. ஒப்பந்தத்தில் தலைக்கவசம், இடைக்கயிறு, உறுதியான சாரம் ஆகியவற்றை நிபந்தனையாக எழுதுக. கோயில் பிள்ளை, கல்லறைத் தோட்டக் காவலர், விடுதிச் சமையற்பெண் ஆகியோர் நிலையையும் இவ்வளவுகோலால் அளந்து பார்க்க.

புதுவீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். எவரேனும் விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்கிறது உபாகமம் (22:8). குடியேறுவோரின் உயிருக்கு அச்சுவர் காவல். அதனைக் கட்டுகிறவர் உயிருக்கு என்ன காவல் வைத்திருக்கிறோம் என்பதை, அடுத்த அடிக்கல் நாட்டுமுன் ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே கேட்டுக்கொள்வதாக.